வாயைத் திறக்காத பிள்ளைக்கு எந்த வழி?

மத்தியானம் பன்னிரண்டரை மணி. எங்கள் பிள்ளைக் காம்பராவில் பாய் விரித்துப் பதினோரு பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். தட்டில் சோறு, பருப்பு, லீக்ஸ் பிரட்டல், பாதி முட்டை. மூன்று வயதுப் பயல் ஒருவன் சோற்றை மட்டும் விரலால் ஒதுக்கித் தின்றுகொண்டிருந்தான். பக்கத்துப் பிள்ளை லீக்ஸை அள்ளி வாயில் போட்டதை ஓரக்கண்ணால் பார்த்தான். ஒரு துண்டை எடுத்தான், மோந்தான், நாக்கு நுனியால் ஒரு தடவை தொட்டான். பிறகு அதைத் தட்டோரத்தில், வேறு எதிலும் படாமல், தனியாக வைத்தான்.

சாயங்காலம் கூட்டிப்போக அவனுடைய அப்பாயி வந்தார்.

"இன்னிக்காவது எதும் தின்னானா டீச்சர்?"

"லீக்ஸ நக்கிப் பார்த்தான் அப்பாயி."

"நக்குனா வயிறு நெறயுமா?"

நல்ல கேள்வி. இலங்கையில் தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பதினான்கு வருடமாகப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறேன். பலகையில் 'சிறுவர் அபிவிருத்தி நிலையம்' என்று எழுதியிருந்தாலும் எங்களுக்கு அது பிள்ளைக் காம்பராதான். வீட்டிலும் இரண்டு பேர். சின்னவன் ஒரு வருடம் முழுக்க ரொட்டியிலும் சீனியிலும் உயிர் வளர்த்தவன். ஆகையால் சாப்பிட மறுக்கும் பிள்ளைக்கு ஆளாளுக்குச் சொல்லும் வழிகளில் அநேகமாக எல்லாவற்றையும் செய்து பார்த்தாயிற்று. ஒவ்வொரு வழியையும் மூன்று கேள்வியால் அளந்தேன். இன்றைக்கு வயிறு நிறையுமா? மூன்று மாதம் கழித்துப் புதிதாக ஒரு சாப்பாடாவது பிள்ளைக்குப் பழகியிருக்குமா? ஏழு மணிக்குக் கொழுந்து பறிக்க மலைக்குப் போய்ச் சாயங்காலம் ஐந்து மணிக்குத் திரும்பும் அம்மாவாலும், வீட்டில் இருக்கும் அப்பாயியாலும் அதைத் தினமும் செய்ய முடியுமா? மூன்றாவது கேள்வியைத்தான் பலரும் கேட்பதில்லை.

முதலில் ஒரு சங்கதி. மூன்று கிலோவில் பிறந்த பிள்ளை ஒரு வயதில் ஏறத்தாழ ஒன்பது கிலோ ஆகிவிடுகிறது. இரண்டாவது வருடம் கூடுவது இரண்டு, இரண்டரைக் கிலோதான். அதற்கப்புறம் வருடத்துக்குச் சுமார் இரண்டு கிலோ. வளர்ச்சி நிதானமாகும்போது பசியும் நிதானமாகிறது. கூடவே இரண்டு வயதிலிருந்து ஆறு வயதுவரை புதுச் சாப்பாட்டைக் கண்டால் ஒரு பயம் வருவதும் இயல்பு. "போன வருசம் எல்லாம் தின்னானே" என்று அம்மாமார் சொல்வது பொய்யில்லை. போன வருடம் அவனுக்கு அந்தப் பயம் வந்திருக்கவில்லை, அவ்வளவுதான்.

இதைச் சொல்லிவிட்டு "தானாகச் சரியாகிவிடும், விடுங்கள்" என்று கொழும்பிலோ வெளிநாட்டிலோ இருப்பவர்கள் சொல்லலாம். நுவரெலியா மாவட்டத்தில் இருந்துகொண்டு எனக்கு அப்படிச் சொல்ல வாய் வராது. 2016ஆம் ஆண்டின் குடிசனச் சுகாதார அளவீட்டில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதும் ஏறத்தாழ 17 வீதம். எங்கள் மாவட்டத்தில் 32 வீதம் அளவில். இங்கே 'அடம்பிடிக்கிற பிள்ளை' என்று நாம் சொல்கிற பிள்ளை சில சமயம் உண்மையிலேயே குறைவாகச் சாப்பிட்டு வளரும் பிள்ளை. அதைக் கண்டுபிடிக்க அப்பாயியின் கண்ணும் போதாது, என் கண்ணும் போதாது. கிளினிக்கில் தந்த வளர்ச்சிப் புத்தகத்தின் கோடுதான் சொல்லும். கோடு பிள்ளைக்குரிய பாதையில் ஏறிக்கொண்டிருந்தால் கீழே சொல்வதில் எதையும் பொறுமையாகச் செய்யலாம். கோடு படுத்துவிட்டால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு மிட்வைஃப் மிஸ்ஸைப் பாருங்கள்.

தேத்தண்ணியைப் பற்றி முன்கூட்டியே

எந்த வழியைத் தேர்ந்தாலும் அதற்குமுன் ஒன்று செய்தாக வேண்டும். லீக்ஸை நக்கிய எங்கள் பயலின் ஒரு நாளைக் கேட்டு எழுதினேன். காலையில் எழுந்ததும் சீனி போட்ட பால்தேத்தண்ணி, அதில் தோய்த்து நாலு மாரி பிஸ்கட். வீடு திரும்பியதும் வெறும் தேத்தண்ணியும் பணிசும். இடையில் கடைப்பக்கம் போனால் பைக்கட்டில் ஏதாவது. ராத்திரி ஏழரைக்குச் சோறு வரும்போது அவன் "வேணாம்" என்கிறான். வேண்டாம்தான், பாவம். வயிற்றில் இடம் எங்கே இருக்கிறது?

நாம் பறித்துக் கொடுக்கிற கொழுந்துதான், குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனாலும் சாப்பாட்டோடு தேத்தண்ணி குடித்தால் கீரை, பருப்பில் உள்ள இரும்புச் சத்து உடம்பில் சேர்வது பாதிக்கும் மேல் குறையக்கூடும். இரும்புச் சத்துக் குறைந்தால் பசியும் மந்தமாகும். அப்புறம் அது ஒரு வட்டம். பெரியவர்கள் சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் நடுவே ஒரு மணி நேரமாவது விடலாம். மூன்று வயதுப் பிள்ளைக்குத் தேத்தண்ணியே தேவையில்லை. பாலும் அளவுதான்: நாளுக்கு அரை லீற்றருக்கு மேல் போனால் சாப்பாட்டின் இடத்தைப் பால் பிடித்துக்கொள்கிறது.

இதை மட்டும் மாற்றி, இரண்டரை மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை உட்காரவைத்துக் கொடுப்பது, நடுவில் தண்ணீர் மட்டும் என்று ஆக்கியதில் பாதி வீடுகளில் பிரச்சினையின் பாதி போய்விட்டதைக் கண்டிருக்கிறேன்.

தொரை வாராரு, போன் வருது

இனி வழிகளுக்கு வருவோம். ஆகப் பழையது, வாயைத் திறக்கவைப்பது. "தொரை வாராரு, வாயத் தொற", "சிறுத்த வருது பாரு" என்று பயமுறுத்தி ஒரு வாய். மூக்கைப் பிடித்து ஒரு வாய். வயிறு இன்றைக்கு நிறைகிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் என்ன கற்கிறது பிள்ளை? 2006இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில் பாலர் பள்ளிப் பிள்ளைகளுக்கு இரண்டு வகை சூப் வைத்தார்கள். ஒரு சூப்புக்கு மட்டும் "குடித்து முடி, குடித்து முடி" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். சொல்லாமல் விட்டபோதுதான் பிள்ளைகள் அதிகம் குடித்தார்கள். வற்புறுத்திய சூப்பைப் பற்றித்தான் முகம் சுளித்துப் பேசினார்கள். மாமியார் ஓயாமல் புகழ்கிற பக்கத்து வீட்டு மருமகளை நமக்குப் பிடிக்காமல் போவதுபோலத்தான்.

போன் இன்னும் சுலபம், அதனாலேயே இன்னும் ஒட்டிக்கொள்ளும். கார்ட்டூன் ஓடும்போது வாய் தானாகத் திறக்கிறது. பிள்ளை தான் தின்றது ரொட்டியா கிழங்கா என்றுகூடப் பார்ப்பதில்லை. பார்க்காத சாப்பாடு எப்படிப் பழகும்? எங்கள் லயத்தில் ஒரு வீட்டில் டேட்டா முடிந்த அன்றே சாப்பாடும் முடிந்தது. காய்ச்சலில் துவண்டு கிடக்கும் பிள்ளைக்கு ஒரு நாள், இரண்டு நாள் என்றால் நான் கண்ணை மூடிக்கொள்வேன். தினமும் வேண்டாம்.

அவனுக்கென்று தனியாக

"அவன் திங்கிறதையே செஞ்சு குடுப்போம், எதாவது உள்ள போகட்டும்." இதைச் செய்கிறவர்களை நான் குற்றம் சொல்லமாட்டேன், நானே ஒரு வருடம் செய்தேன். தோட்டத்துச் சம்பளத்தில் வாங்கிய முட்டையும் கரட்டும் தரையில் துப்பப்படுவதைப் பார்க்கிற அம்மா, மறுநாள் தின்னக்கூடியதைத்தான் செய்வாள். அது சோம்பலில்லை, கணக்கு. ஆனால் கணக்கு மெல்ல மெல்லச் சுருங்கும். முதலில் ரொட்டியும் சீனியும் பருப்பும் என்று இருந்தது, பிறகு ரொட்டியும் சீனியும், பிறகு கருகாத வெள்ளை ரொட்டி மட்டும். சின்னவன் அந்தக் கடைசிக் கட்டத்துக்கு வந்தபோதுதான் நான் விழித்தேன்.

லஞ்சம்

"கீரையத் தின்னா சொக்லட்." இதில் கெட்டது சொக்லட் மட்டுமில்லை. கூலி கொடுத்துத் தின்னவைக்கிற பொருள் எதுவானாலும் அது கசப்பானதாகத்தான் இருக்கவேண்டும் என்று பிள்ளை முடிவு கட்டிவிடுகிறது. ஒரு பானத்தைக் குடித்தால் பரிசு என்று, 1984இல் வெளியான ஓர் ஆய்வில் செய்து பார்த்தபோது, பரிசு வாங்கிக் குடித்த பிள்ளைகளுக்கு அந்தப் பானத்தின் மேல் விருப்பம் குறைந்துபோனது.

ஆனால் இங்கே ஒரு விதிவிலக்கு உண்டு. லண்டனில் 4 முதல் 6 வயதுப் பிள்ளைகளிடம், பிடிக்காத ஒரு மரக்கறியைப் பன்னிரண்டு நாள் ஒரு சின்னத் துண்டு ருசி பார்க்கச் சொல்லி, பார்த்தால் ஒரு ஸ்டிக்கர் கொடுத்தார்கள் (2011). மூன்று மாதம் கழித்தும் அந்த மரக்கறி மேல் விருப்பம் நின்றது. வித்தியாசம் எங்கே? பரிசு தின்பண்டம் இல்லை. தட்டைக் காலி பண்ணச் சொல்லவுமில்லை. ருசி பார்த்தால் போதும். நான் ஸ்டிக்கருக்குப் பதிலாகப் பேனாவால் புறங்கையில் ஒரு பூ போட்டுவிடுகிறேன். நாலு வயதுக்கு மேற்பட்டவர்கள் அதைக் கழுவாமல் வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டுகிறார்கள். மூன்று வயதுக்காரர்களுக்கு அந்த ஒப்பந்தமே புரிவதில்லை, பூவுக்காக மட்டும் கையை நீட்டுகிறார்கள்.

ஒளிப்பது

ரொட்டி மாவில் கரட், பருப்பில் அரைத்த கீரை, உருளைக்கிழங்கு மசியலில் கோவா. அம்மாமாரிடம் மவுசு அதிகம் உள்ள வழி இதுதான். இது வேலை செய்கிறது என்பதற்கு ஆதாரமும் உண்டு: அமெரிக்காவில் பாலர் வயதுப் பிள்ளைகளின் வழக்கமான சாப்பாட்டில் மரக்கறியை அரைத்துக் கலந்தபோது, அவர்கள் கண்டுகொள்ளாமல் நிறைய மரக்கறி சாப்பிட்டார்கள். அதே ஆய்வில் இன்னொன்றும் நடந்தது, அதை நாம் கவனிக்கவேண்டும். மரக்கறி நிறையக் கலந்ததால் நாளின் மொத்தக் கலோரி பத்தில் ஒரு பங்கு அளவில் குறைந்தது. குண்டாகும் பிள்ளைகளைப் பற்றிக் கவலைப்படுகிற நாட்டில் அது லாபம். எடைக்கோடு மெலிந்த எங்கள் பிள்ளைக்கு நட்டம். ஆகவே ரொட்டியில் கரட்டைத் துருவிப் போட்டால், தேங்காய்ப்பூவையும் ஒரு கை கூட்டுங்கள், அல்லது மாவில் ஒரு முட்டையை உடைத்து ஊற்றுங்கள்.

இதன் அபாயத்தை நான் நேரில் பட்டேன். ஒரு நாள் சின்னவன் ரொட்டியைப் பிய்த்தபோது ஆரஞ்சு நிறத்தில் ஒரு நார் தலை நீட்டியது. விரலால் இழுத்து எடுத்தான். என்னைப் பார்த்தான். தரையில் வைத்தான். பத்து நாள் வெறும் ரொட்டியையும் தொடவில்லை. நம்பியிருந்த ஒரே சாப்பாடும் போயிற்று. அதற்கப்புறம் ஒளிப்பதை விட்டு, அவன் முன்னாலேயே கலக்க ஆரம்பித்தேன். கரட்டை நான் துருவுவேன், மாவில் தூவுவது அவன் வேலை. அடுப்படியில் பாதி மாவு அவன் மேல்தான் கிடக்கும். தூவியதைத் தின்றானா என்றால், முதல் வாரம் இல்லை.

ஒரே சட்டி

கடைசி வழிக்கு நல்ல பெயர் இல்லை. நான் 'ஒரே சட்டி' என்கிறேன். எல்லாருக்கும் சமைத்ததே பிள்ளைக்கும். எதை, எப்போது, எங்கே கொடுப்பது என்பது பெரியவர்கள் பொறுப்பு. சாப்பிடுவதா, எவ்வளவு என்பது பிள்ளையின் பொறுப்பு. எலின் சாட்டர் என்ற அமெரிக்க உணவியலாளர் 1980களில் இந்தப் பிரிப்பைச் சொல்லிப் பிரபலமாக்கினார். பிள்ளைக் காம்பராவில் நடப்பது ஏறத்தாழ இதுதான். பதினோரு பிள்ளைக்குப் பதினோரு சமையல் செய்ய யாரால் முடியும்?

வீட்டில் இது தோற்றுப்போவது பெரும்பாலும் சின்னச் சின்னக் காரணங்களால். முதலாவது உறைப்பு. நம்முடைய கறி மூன்று வயது நாக்குக்கு நெருப்பு. மிளகாய்த்தூள் போடுவதற்குமுன் ஒரு அகப்பை எடுத்து வையுங்கள். பருப்பென்றால் தாளிப்புக்கு முன்னால். 'மரக்கறி பிடிக்காது' என்று பெயர் வாங்கிய பிள்ளைகளில் சிலருக்குப் பிடிக்காதது மிளகாய்.

இரண்டாவது, அளவு. தட்டில் மலைபோல் குவித்தால் பிள்ளை பார்த்ததுமே மலைத்துவிடும். வயதுக்கு ஒரு மேசைக்கரண்டி என்று ஒரு பொதுக்கணக்கு உண்டு: மூன்று வயதுக்குச் சோறு மூன்று, பருப்பு மூன்று. புதுச் சாப்பாடோ விரல் நகம் அளவு. போஞ்சி என்றால் ஒரே ஒரு துண்டு. துப்பினாலும் வீணாவது ஒரு துண்டுதான். சம்பளக் கணக்கும் தாங்கும். எப்போதும் தட்டில் பிள்ளைக்குத் தெரிந்த ஏதாவது ஒன்று இருக்கவேண்டும், சோறோ ரொட்டியோ. அதுவும் இல்லாவிட்டால் இது பட்டினி போடுகிற வழியாகிவிடும்.

மூன்றாவது, எண்ணிக்கை. ஒரு புதுச் சாப்பாட்டைப் பிள்ளை ஏற்றுக்கொள்ள எட்டிலிருந்து பதினைந்து தடவை ருசி பார்க்க வேண்டியிருக்கும். நாமோ மூன்றாவது தடவையிலேயே "அவனுக்கு பீட்ரூட் ஆகாது" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். பார்ப்பது, மோப்பது, நக்குவது எல்லாம் வழியில் வரும் படிகள். ஆனால் நாக்கில் பட்டால்தான் கணக்கில் சேரும். லீக்ஸை நக்கியதை அப்பாயியிடம் நான் ஒரு சேதியாகச் சொன்னது அதனால்தான்.

இந்த வழியை அப்படியே இறக்குமதி செய்யவும் முடியாது. "கொடுத்துவிட்டு நீ உன் வேலையைப் பார்" என்று அதைப் புரிந்துகொள்கிறவர்கள் உண்டு. மெலிந்த பிள்ளைக்கு அது ஆபத்து. கட்டாயப்படுத்துவது வேறு, கூட உட்காருவது வேறு. அப்பாயி பக்கத்தில் உட்கார்ந்து தானும் ஒரு வாய் தின்று, கதை சொல்லி, பிள்ளை வாயைத் திறந்தால் ஊட்டி, முகத்தைத் திருப்பினால் கையை நிறுத்தினால், அது கட்டாயமில்லை. நிறுத்துகிற இடம்தான் முக்கியம். இருபது, முப்பது நிமிடத்தில் தட்டை எடுத்துவிடுங்கள், பேச்சில்லாமல். "அப்பவே சொன்னேன்ல" கூட வேண்டாம்.

என் மூன்று கேள்விக்கும் இது எப்படி? முதல் கேள்வியில் தோற்கும். முதல் வாரத்தில் பிள்ளை குறைவாகத்தான் தின்னும். இரண்டாவதில் மற்ற எல்லாவற்றையும் முந்தும். மூன்றாவது, தனிச் சமையல் இல்லாததால் வேலை குறைவு, மனசுக்குத்தான் கஷ்டம். நான் இதைத்தான் தேர்ந்தேன். திறந்த கண்ணோடு கலக்கிற கரட் ரொட்டி அதற்குத் துணை.

பெட்டியா, பைக்கட்டா, முட்டையா

"ஒண்ணும் திங்கமாட்டேங்கிறான், எந்த மா வாங்கட்டும்?" என்று கேட்பவர்களுக்கு: விளம்பரத்தில் உயரமாக வளரவைக்கிற மாப் பெட்டிகளை நான் சிபாரிசு செய்வதில்லை. பலவற்றில் சீனி தாராளம். குடித்தால் அடுத்த வேளைப் பசியும் போகும். திரிபோஷ வேறு ரகம். சோளமும் சோயாவும் சேர்த்து ஏற்கனவே வேகவைத்த மா, 1970களிலிருந்து கிளினிக்கில் எடை குறைந்த பிள்ளைகளுக்கு இலவசமாகத் தருவது. கஞ்சியாகக் கொடுத்தால் மூஞ்சியைத் திருப்புகிற பிள்ளைகூட, தேங்காய்ப்பூவும் கொஞ்சம் சீனியும் சேர்த்து உருண்டை பிடித்தால் கையில் வாங்கிக்கொள்ளும். ஆனால் ஒரு பிள்ளைக்குத் தந்த பைக்கட்டை வீடே பங்குபோட்டால் அந்தப் பிள்ளைக்கு என்ன மிஞ்சும்? மாப் பெட்டிக்குக் கொடுக்கிற காசில் முட்டையும் நெத்தலியும் பாசிப்பயறும் வாங்குவேன், ஒரு தேசிக்காயும். தேசிப்புளி இரும்புச் சத்து உடம்பில் சேர உதவும்.

யாருக்கு எது

அப்பாயியோ அம்மாயியோ வீட்டில் இருக்கும் வீட்டுக்கு ஒரே சட்டி பொருந்தும், ஆனால் பெரியவர்களுக்குள் முதலில் பேச்சு முடியவேண்டும். அம்மா ஒன்று சொல்ல அப்பாயி பின்னால் பிஸ்கட் கொடுத்தால் எந்த வழியும் நிற்காது. அப்பாயியிடம் "பிஸ்கட் குடுக்காதீங்க" என்று சொன்னால் சண்டை வரும். "நாலு மணிக்கு நீங்களே வாழப்பழம் குடுங்க" என்றால் வராது. அம்மாவும் அப்பாவும் இருட்டோடு போய் இருட்டோடு வருகிற வீட்டில் ராத்திரிச் சாப்பாட்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று வேளையையும் ஒரேயடியாக மாற்றப் போனால் ஒரு வாரம்கூட ஓடாது. பிள்ளைக் காம்பராவில் நன்றாகச் சாப்பிடும் பிள்ளை வீட்டில் சாப்பிடாவிட்டால் பயப்படத் தேவையில்லை. அங்கே பார்த்துச் சாப்பிட பத்துப் பேர் இருக்கிறார்கள், வீட்டில் அவன் மட்டும் தனித்தட்டு.

இவை எதுவும் பொருந்தாத பிள்ளைகளும் உண்டு. எடை குறைகிறது, விழுங்கும்போது அடிக்கடி புரையேறுகிறது, மண்ணையோ சுவரையோ சுரண்டித் தின்கிறது, முன்பு தின்றதெல்லாம் ஒவ்வொன்றாக விட்டுப் போய் விரல்விட்டு எண்ணும் அளவுக்கு வந்துவிட்டது, கட்டியாக எதைக் கண்டாலும் குமட்டுகிறது என்றால் அது அடம் இல்லை. கிளினிக்கில் சொல்லுங்கள். சொத்தைப் பல், மலச்சிக்கல், பூச்சி இவற்றையும் ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள். இன்னொன்று, முழுக் கச்சானை (நிலக்கடலையை) ஐந்து வயதுக்குள் கொடுக்கவே வேண்டாம், தொண்டையில் சிக்கும், இடித்துக் கொடுக்கலாம்.

எங்கள் பயலின் பெயருக்கு நேரே கொப்பியில் லீக்ஸுக்கு ஒரு கோடு போடுகிறேன், நாக்கில் பட்ட நாளெல்லாம். நேற்று ஒன்பதாவது கோடு. மென்றான், விழுங்கினான், உடனே தண்ணீர் கேட்டான். அப்பாயியிடம் சொன்னேன்.

"எத்தன துண்டு?"

"ஒண்ணு."

"ராத்திரிக்கு நானும் லீக்ஸு வைக்கட்டுமா டீச்சர்?"

"வைங்க அப்பாயி. தூள் போடுறதுக்கு முன்னாடி எடுத்துருங்க."